வலி யாருக்கு, பதில் யாருடையது?

முற்றிய நோயில் வலியையும் மூச்சுத்திணறலையும் குறைத்து, நோயாளியை நிம்மதியாக வைத்திருக்கும் வைத்தியத்துக்கு ஆதரவு சிகிச்சை என்று பெயர். டாக்டர்கள் பேலியேட்டிவ் கேர் என்பார்கள். 1969 பிப்ரவரி 3 அன்று அண்ணாவைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த ஊர் காஞ்சிபுரம். அவர் பெயரில் காரப்பேட்டையில் புற்றுநோய் ஆஸ்பத்திரியும் இருக்கிறது. இந்தச் சிகிச்சைக்குக் கணக்குக் கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் இந்தத் துறையின் ஆய்வுக் கணக்குகளை அப்படியே நம்ப முடியாது என்பதே என் வாதம்.

ஆய்வுகளில் வழக்கமாகக் கேட்பது இது: "வலி எவ்வளவு? பூஜ்யம் முதல் பத்துக்குள் சொல்லுங்கள்." நம் ஊர்ப் பெரியவர் என்ன சொல்வார்? "ஏதோ இருக்கேம்பா." பக்கத்தில் நிற்கும் மகன், "ஆறுன்னு போட்டுக்குங்க சார்" என்பான். தாளில் ஆறு ஏறிவிடும். வலி அப்பாவுடையது, எண் மகனுடையது. பல வீடுகளில் வந்திருப்பது புற்றுநோய் என்பதையே நோயாளியிடம் சொல்வதில்லை; "வயித்துல புண்ணு" என்று மறைத்துவிடுகிறார்கள். அவரிடம் எந்தக் கேள்வியை ஒளிவுமறைவில்லாமல் கேட்க முடியும்?

அடுத்தது இன்னும் மோசம். முதல் மாதம் நூறு பேரைக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் மாதம் பதில் சொல்ல நாற்பது பேர்தான் மிச்சம். மற்றவர்கள் இறந்துவிட்டார்கள், அல்லது பேச முடியாமல் கிடக்கிறார்கள். நாற்பது பேரின் சராசரியை மட்டும் எடுத்து "வலி குறைந்தது" என்று எழுதலாமா? பழுது விழுந்த புடவைகளை ஒதுக்கிவிட்டு, "எங்கள் தறியில் பழுதே இல்லை" என்றால் எந்த முதலாளி ஒப்புக்கொள்வார்?

உலகத் தரவரிசையும் இப்படித்தான். 'எக்கனாமிஸ்ட்' குழுமத்தின் ஆய்வுப் பிரிவு 2010-இல் இந்தியாவுக்கு 40 நாடுகளில் கடைசி இடமும், 2015-இல் 80 நாடுகளில் 67-ஆம் இடமும் கொடுத்தது. அளவுகோல் மாறியதால் இரண்டையும் ஒப்பிடக்கூட முடியாது. அரசின் கொள்கை, மருந்து வசதி, பயிற்சி பெற்றவர்கள் என்று பார்த்துப் போட்ட மார்க் அது. படுக்கையில் கிடப்பவரின் பதில் அதில் இல்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஆதரவு சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. நல்ல திட்டம், மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் எத்தனை வீட்டுக்குப் போனோம் என்பது நடந்த கணக்கு. எத்தனை பேருக்கு வலி குறைந்தது என்பதுதான் வைத்தியக் கணக்கு.

"சாகக் கிடப்பவரைக் கேள்வி கேட்டுத் துன்புறுத்துவதா?" என்பார்கள். நியாயம்தான். நாற்பது கேள்வி வேண்டாம், இரண்டு போதும். மருந்து கொடுத்து வலி தணிந்திருக்கும் நேரத்தில், வீட்டாரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். பதில் சொன்னது யார், இடையில் விட்டுப்போனவர்கள் எத்தனை பேர், ஏன் என்பதையும் எழுதுங்கள். இந்த இரண்டு விவரமும் இல்லாத சதவீதத்தை, எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி வெளியிட்டாலும், நம்பாதீர்கள்.