சரிகைப் போர்வைக்கு அடியில்

அம்பத்தூரிலும் ஆவடியிலும் கலியாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு வரும் குதிரைகளை நாம் சரிகைப் போர்வையோடுதான் பார்க்கிறோம். போர்வையை விலக்கினால் சிலவற்றின் கழுத்திலும் முதுகிலும் திட்டுத் திட்டாகச் சொட்டை. கேட்டால், "ஊசி போட்டதுக்கப்புறந்தான் இப்படி" என்பார் குதிரைக்காரர்.

இதை அறியாமை என்று தள்ளுவதில் நமக்கு உடன்பாடில்லை. அப்படியே ஏற்பதிலும் இல்லை. ஊசியை வெறுத்தவர் அடுத்து ரணஜன்னித் தடுப்பூசியையும் மறுப்பார். அந்நோய்க்குக் குதிரையைப்போல் எளிதில் இரையாகும் வளர்ப்பு விலங்கு வேறில்லை.

வட்டச் சொட்டைக்குப் பெரும்பாலும் படர்தாமரையே காரணம். ஒரே சேணமும் ஒரே பிரஷும் பல குதிரைகளுக்குப் புழங்கினால் பரவும். மேலே ஏறும் மாப்பிள்ளைக்கும் தொற்றலாம். ஐப்பசி மழையில் நனைந்து காயாத முதுகில் முடி பொருக்கோடு பெயர்வது வேறொரு தொற்று. சிறு பூச்சிக் கடிக்கு ஒவ்வாமை கொண்ட குதிரையோ பிடரியை மரத்தில் தேய்த்துத் தேய்த்தே வழுக்கையாக்கிக்கொள்ளும். வேலியோரச் சவுண்டல் தழையையும் மறக்கலாகாது. ஆட்டுக்கு நல்ல தீவனமென்று பெயரெடுத்த அதிலுள்ள மைமோசின், குதிரையின் பிடரியையும் வாலையும் உதிர்த்துவிடும்.

மருந்தும் குற்றவாளியாகலாம். ஊசி குத்திய இடத்தில் மட்டும் முடி கொட்டுவதுண்டு. சத்து மருந்தென்று தரும் செலினியம் நெடுநாள் அளவு மீறினால் பிடரி, வால் முடியோடு குளம்பும் கெடும். எது எதனால் என்று பிரித்தறிய, என்ன மருந்து, எவ்வளவு, எந்த நாளில் என்பவை தெரிந்தாக வேண்டும். குதிரைக்காரருக்கோ 'வெள்ளை மருந்து', 'மஞ்சள் மருந்து' என்பதற்கு மேல் தெரியாது. யாரும் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்கள். நம் கோபம் இங்கேதான்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் இறக்குமதியான குதிரைகள் வைத்தியமின்றி மடிந்ததை எழுதுகிறார். குதிரை செத்தால்தான் அடுத்த குதிரை விற்கும் என்று வணிகர்கள் குதிரை வைத்தியரை இங்கு வரவிடவில்லையாம். மிகைப்படுத்துவதில் சமர்த்தர்தான், இருந்தாலும், குதிரையை வைத்திருப்பவனிடம் அதன் வைத்தியம் போய்ச் சேராதபடி பார்த்துக்கொண்ட அந்தச் சாமர்த்தியம் நமக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

வேப்பேரியில் 1903 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பது பெரிய காரியமன்று. பூந்தமல்லியிலிருந்து குதிரையை அங்கே வண்டியேற்றிப் போனால் ஒரு முகூர்த்த நாள் வருமானம் போகும், போகட்டும். போகிறவர் கையில் போட்ட மருந்தின் காலிக் குப்பியாவது இருக்க வேண்டும். ஊசி போடுகிறவர்கள் அதைக் குப்பையில் எறியாமல் அவரிடமே கொடுத்துவிட்டுப் போகலாம்.