கடல் சாமந்தியைக் கடையில் வாங்காதீர்கள்

கோமாளி மீன் வாங்கினால் கூடவே கடல் சாமந்தியும் வாங்கியாக வேண்டும் என்று அலங்கார மீன் கடைகளில் சொல்லி விற்கிறார்கள். அது உண்மையில்லை. கடலில் பெரிய மீன்களிடமிருந்து தப்பிக்கத்தான் கோமாளி மீன் சாமந்திக்குள் ஒளிகிறது. வீட்டுத் தொட்டியில் அதைத் துரத்த யார் இருக்கிறார்கள்? பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும், மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் இந்த மீன்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்ய வைத்து, குஞ்சுகளை வளர்த்துக் காட்டியிருக்கின்றன. அப்படிப் பிறந்த மீன் ஓட்டுத் துண்டிலோ மண்சட்டியிலோ முட்டையிட்டு நிம்மதியாக வாழும்.

புதுச்சேரி தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையை ஒட்டிய எங்கள் வீட்டுக் கூடத்தில் பவளப்பாறைத் தொட்டி ஒன்று இருக்கிறது. அதில் ஒரு சாமந்தியும் உண்டு. லாஸ்பேட்டை நண்பரின் தொட்டியில் ஒன்று தானாக இரண்டாகப் பிளந்தபோது கிடைத்த பாதி அது. விரல் போன்ற உணர்கொம்புகளின் நுனி குமிழாக உப்பும் வகை. இந்த வகைதான் தொட்டியில் சுலபமாகப் பெருகும். சின்ன இறால் துண்டை இடுக்கியால் நீட்டினால் முதலில் ஒரே ஒரு விரல் ஒட்டும். பிறகு பக்கத்து விரல்கள் மடங்கி வரும். நடுவிலிருக்கும் வாய் மெல்லத் திறந்து துண்டை உள்ளே வாங்கிக்கொள்ளும். பூ மாதிரித் தெரிந்தாலும் அது கொட்டும் செல்கள் கொண்ட ஒரு விலங்கு. அதன் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளியில் உணவு தயாரித்துத் தருகின்றன. பாசி போய்விட்டால் உடல் வெளுத்துவிடும். கடையில் 'அபூர்வ வெள்ளை' என்று காட்டுவது பெரும்பாலும் இப்படிப் பட்டினி கிடக்கும் சாமந்திதான். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் பவளங்கள் வெளுத்ததும் இந்தப் பாசியை இழந்துதான்.

வளர்ப்பதும் லேசுப்பட்ட காரியமில்லை. லிட்டருக்கு 35 கிராம் உப்பு, 26 டிகிரி வெப்பம் என்று எப்போதும் பார்த்துக்கொள்ள வேண்டும். புதுச்சேரி மே மாதத்தில் நீரைக் குளிர்விக்கும் சில்லர் ஓடாமல் முடியாது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டி மின்சாரம் போனபோது, பேட்டரி ஏர் பம்பை நம்பித்தான் இரவு கழிந்தது. இடம் பிடிக்காவிட்டால் சாமந்தி நகர்ந்து போய், அலை உண்டாக்கும் வேவ்மேக்கரில் சிக்கிச் சிதையும். செத்துக் கரைந்தால் அம்மோனியா ஏறி மற்ற மீன்களும் செத்துப்போகும்.

சரியாக வாழ்ந்தால் இதன் ஆயுள் எவ்வளவு தெரியுமா? ஸ்காட்லாந்தில் ஜான் டாலியெல் என்ற இயற்கையியலாளர் 1828-இல் கரைப்பாறையிலிருந்து எடுத்துவந்த ஒரு சாமந்தி, கண்ணாடிச் சாடியில் கடல்நீரை மாற்றி மாற்றி வளர்க்கப்பட்டு, அவர் காலத்துக்குப் பிறகும் கைமாறி 1887 வரை உயிரோடு இருந்தது. கடலிலிருந்து பிடுங்கிக் கடைக்கு வந்தவை, எனக்குத் தெரிந்த வீடுகளில் ஓர் ஆண்டைத் தாண்டுவதே அபூர்வம். மண்ணிலும் பாறை இடுக்கிலும் வேர்போல் ஊன்றிய பாதத்தை இழுத்தெடுக்கும்போதே பல கிழிந்துவிடுகின்றன. சாமந்தியை நம்பியிருந்த மீன் ஜோடிக்கும் வீடு போய்விடுகிறது. அறுபது வருடம் வாழக்கூடிய ஓர் உயிரை ஒரு சில மாத அலங்காரத்துக்காகக் கொல்வதை என்னால் பொழுதுபோக்கு என்று சொல்ல முடியவில்லை.

கெட்டிப் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குச் சமமாக இருக்கின்றன. சாமந்திக்கும் ஒரு காவல் தேவை: விற்பவர்களிடம் அது எங்கிருந்து வந்தது என்பதற்கான சீட்டு இருக்க வேண்டும். புதுச்சேரி மீன்வளத் துறை இதைக் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை வாங்குகிறவர்கள் ஒரு கேள்வி கேளுங்கள்: "இது தொட்டியில் பிறந்ததா, கடலில் எடுத்ததா?" பதில் சொல்லத் தயங்குகிற கடையில் எதையும் வாங்காமல் திரும்பி வாருங்கள்.