வயிற்றுப்போக்கிற்குக் கொரோனாவா காரணம்?



2020-இல் நம் பள்ளிகளை மூடவைத்த கொரோனா, நம் நாவை விட்டு இன்னும் நீங்கவில்லை. மந்தின் வட்டாரத்துத் தோட்டப் பிள்ளைக்கு வாந்தியோ பேதியோ கண்டால், உடனே மூக்கில் சோதனைக் குச்சியை விடுகிறோம். ஒற்றைக் கோடு தெரிந்தால், "கொரோனா இல்லை, பள்ளிக்குப் போ" என்று அனுப்பிவிடுகிறோம். இதைவிடப் பேதைமை வேறுண்டா?

கொரோனாவுக்கும் குடலுக்கும் தொடர்பே இல்லை என்று நான் கூறவில்லை. கோவிட்-19 கண்ட பிள்ளைகள் சிலருக்கு வாந்தியும் பேதியும் வந்ததுண்டு. இந்த ஐயம் புதியதுமன்று. 1975-லேயே வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், கொரோனாவை ஒத்த துகள்களை மனித மலத்தில் மின்னணு நுண்ணோக்கியால் கண்டனர். நோயாளிகளிடம் மட்டுமா? நலமாக இருந்தவர்களிடமும் கண்டனர்! குடலில் இருப்பது வேறு. நோயை விளைவிப்பது வேறு.

பிள்ளைகளின் குடலைப் பெரிதும் வாட்டும் நச்சுயிரிகள் வேறு. ஒன்று, 1973-இல் மெல்பர்னில் ரூத் பிஷப் குழுவினர் கண்டறிந்த ரோட்டா. மற்றொன்று நோரோ. 1968-இல் அமெரிக்காவின் நார்வாக் நகரில் பரவிய நோயிலிருந்துதான் நோரோ அடையாளம் காணப்பட்டது. அது பரவிய இடம் எது தெரியுமா? ஒரு தொடக்கப்பள்ளி!

கொரோனாவைக் கொழுப்புறை போர்த்தியிருக்கிறது. கைத்தூய்மியிலுள்ள ஆல்கஹால் அவ்வுறையைக் குலைத்துவிடும். நோரோவுக்கோ உறையே இல்லை. கைத்தூய்மிக்கு அது எளிதில் அடங்காது. ஓடும் நீரும் சவர்க்காரமுமே அதைக் கையிலிருந்து அகற்றும். நுழைவாயிலில் கைத்தூய்மிப் புட்டியை வைத்துவிட்டு, கழிவறையில் சவர்க்காரம் வைக்காமல் விடுவதா சுகாதாரம்?

"வைத்தால் பிள்ளைகள் வீணாக்குவார்கள்" என்பர் சிலர். எழுத்தை ஒரே நாளிலா கற்றார்கள்? கைகழுவுதலும் நாம் கற்பிக்க வேண்டிய பாடமே.

பெற்றோரே, நாள்கூலி வேலையில் விடுப்பு எடுப்பது கடினம் என்பதை அறிவேன். ஆயினும், ஒரு பிள்ளை வகுப்பில் வாந்தி எடுத்தால், பல வீட்டார் விடுப்பு எடுக்க நேரும். வாந்தியும் பேதியும் நின்று 48 மணி நேரம் ஆகும்வரை பிள்ளையை வீட்டிலேயே வையுங்கள். தண்ணீர் கொடுக்காமல் வயிற்றைக் காயப்போட வேண்டா, ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். பிள்ளை சோர்ந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ உடனே கிளினிக்கிற்குக் கொண்டு செல்லுங்கள்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரே, அடுத்த கூட்டத்தின் முதல் தீர்மானம் கழிவறைக்குச் சவர்க்காரம் வாங்குவதாக இருக்கட்டும். கொரோனாமீது பழிபோட்டது போதும்!