கைப்பைக்குள் ஒரு கைத்துப்பாக்கி!

வாங்கும் முன்...

ஒரு பெண்மணியின் கைப்பைக்குள் என்னென்ன இருக்கும்? சில்லறை, சாவிக் கொத்து, கைக்குட்டை, சீப்பு, ஸ்டிக்கர் பொட்டு, டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு, குழந்தை பாதி தின்றுவிட்டுத் திருப்பிக் கொடுத்த பிஸ்கோத்து. நம் ஊரில் ஜாபிதா இத்துடன் முடிந்துவிடும். அமெரிக்காவில் சில கைப்பைகளுக்குள் இன்னும் ஒரு சாமான் இருக்கும். தோட்டா நிரப்பிய கைத்துப்பாக்கி!

"குக்கரும் கிரைண்டரும் வாங்க யோசனை சொல்லும் பகுதியில் துப்பாக்கிக்கு என்ன வேலை?" என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. மாம்பலத்து வாசகி ஒருவருடைய மகள் டெக்ஸாஸில் குடியிருக்கிறாள். இரண்டு குழந்தைகள். கணவர் மாதத்தில் பாதி நாள் வெளியூர். அக்கம்பக்கத்தார் பேச்சைக் கேட்டு, மறைத்து எடுத்துச் செல்லும்படியான கைத்துப்பாக்கி ஒன்று வாங்குவதென்று அவள் தீர்மானித்திருக்கிறாளாம். "நம்பகமாகவும் இருக்க வேண்டும், கையைக் கடிக்காத விலையிலும் இருக்க வேண்டும் என்கிறாள். எனக்குத் தீபாவளித் துப்பாக்கியைத் தவிர வேறு தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்று எழுதியிருக்கிறார் அந்தத் தாயார்.

அந்தத் தேசத்தில் சட்டம் அனுமதிக்கும் காரியம் இது. 'ஐயையோ, வேண்டாம்!' என்று அலறுவதால் பிரயோஜனமில்லை. மற்றச் சாமான்களைப் போல இதையும் தட்டிப் பார்ப்போம், வாருங்கள்.

முதலில், வாங்கலாமா?

கடைக்குப் போகுமுன் மகளுடைய விசாவைப் பார்க்கச் சொல்லுங்கள், அம்மா. ஹெச்-1பி, மாணவர் விசா போன்ற தாற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்வதை அமெரிக்க மத்திய சட்டமே தடுக்கிறது. வேட்டை லைசென்ஸ் உள்ளவர்கள் போன்ற சிலருக்குத்தான் விலக்கு. 'மாநிலத்தில் எல்லாரும் வைத்திருக்கிறார்களே' என்று வாங்கிவிட்டால் குற்ற வழக்கில் கொண்டுபோய் விடும், விசாவும் பறிபோகலாம். கிரீன் கார்டு பெற்றவர்களுக்கு இந்தத் தடை கிடையாது.

அடுத்தது மாநிலச் சட்டம். டெக்ஸாஸில் 2021 செப்டம்பர் முதல், 21 வயது நிரம்பிய, சட்டத்தடை எதுவும் இல்லாத ஒருவர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். 2024 முடிவதற்குள் இப்படி விட்டுவிட்ட மாநிலங்கள் 29 ஆகிவிட்டன. நியூ யார்க்கில் கதையே வேறு. அங்கே பழைய சட்டத்தின்படி, தக்க காரணம் காட்டினால்தான் லைசென்ஸ் என்றிருந்தது. அந்த நிபந்தனை செல்லாது என்று 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் லைசென்ஸ் வேண்டும். அதற்கு 16 மணி நேரம் வகுப்பில் உட்கார வேண்டும். 2 மணி நேரம் சுட்டுப் பழக வேண்டும். ஒரு மாநிலத்தில் சாதாரணமாக நடப்பது எல்லையைத் தாண்டியதும் குற்றமாகிவிடும்!

நம்பகம் என்றால் என்ன?

கடைக்காரரைக் கேட்டால், "விசையை இழுத்தால் கட்டாயம் வெடிக்கும். அதுதான் நம்பகம்" என்பார். அது பாதி உண்மை. விசையை இழுக்காதபோது எக்காரணத்தாலும் வெடிக்கக் கூடாது என்பது மற்றப் பாதி. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இந்த இரண்டாவது பாதிதான் பெரிது.

ஓர் உதாரணம் சொல்லுகிறோம். 2008-ம் வருஷம் ரூகர் கம்பெனி 'எல்.சி.பி.' என்ற குட்டிப் பிஸ்டலைக் கொண்டுவந்தது. எடை 270 கிராம் சுமார். சட்டைப் பைக்குள் அடங்கிவிடும். கொள்ளையாக விற்றது. அதே வருஷம் அக்டோபரில், கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று தெரியவந்ததால், முதலில் விற்றவற்றைக் கம்பெனியே திரும்பப் பெற்றுச் சரிசெய்து கொடுத்தது. பெரிய கம்பெனிதான், நல்ல பெயர்தான். ஆகையால் புதிதோ பழையதோ, அந்த மாடல் எப்போதாவது திரும்பப் பெறப்பட்டதா, அந்த நம்பருள்ள துப்பாக்கி சரிசெய்யப்பட்டதா என்று விசாரிக்காமல் பணத்தை எண்ணி வைக்கக் கூடாது.

மலிவுச் சரக்கு

அமெரிக்காவில் மிக மலிவான கைத்துப்பாக்கிகளுக்கு 'சனிக்கிழமை ராத்திரிச் சரக்கு' என்று கேலிப் பெயர் உண்டு. 1968-ம் வருஷத்துச் சட்டம் மட்டமான சிறு துப்பாக்கிகளின் இறக்குமதியைத் தடுத்தது. உடனே உள்ளூரிலேயே, கலிபோர்னியாவில், துத்தநாகக் கலவையை வார்த்து மலிவுப் பிஸ்டல்கள் செய்யக் கம்பெனிகள் முளைத்தன.

அவற்றில் ஒன்று பிரைகோ. அந்தக் கம்பெனியின் ஒரு மாடலில் விசித்திரமான ஏற்பாடு. துப்பாக்கியைக் காலி செய்ய வேண்டுமானால் முதலில் பாதுகாப்புத் தாழைத் திறந்தாக வேண்டும்! 1994-ல் கலிபோர்னியாவில் ஒரு வீட்டில், பெற்றோர் பாதுகாப்புக்கென்று வாங்கி வைத்திருந்த அந்தத் துப்பாக்கியை, குடும்ப நண்பர் ஒருவர் நல்ல எண்ணத்துடன்தான் காலி செய்யப் பார்த்தார். வெடித்தது. ஏழு வயதுப் பையன் கழுத்துக்குக் கீழே அசைய முடியாமல் படுத்துவிட்டான். 2003-ல் நீதிமன்றத்தில் ஜூரிகள் கம்பெனியின் மீதும் பொறுப்பைச் சுமத்தினார்கள். நஷ்டஈடு கோடிக்கணக்கான டாலர். கம்பெனி திவாலாயிற்று. பையனுடைய கைகால் திரும்பி வந்ததா?

இதிலே நம் வீட்டுப் பெண்கள் மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் ஓர் அடுக்கில் இருக்கும். அதை மேகஸீன் என்பார்கள். அதை உருவி எடுத்துவிட்டால் துப்பாக்கி காலி என்று நினைக்காதீர்கள்! குழாயின் அடியில் ஒரு தோட்டா ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கலாம். 'காலித் துப்பாக்கி' சுட்ட கதைகளில் பல இந்த ஒற்றைத் தோட்டாவின் கைங்கரியம்தான்.

எந்த மாதிரி?

இரண்டு ஜாதி உண்டு: ரிவால்வர், பிஸ்டல்.

ரிவால்வர் பழைய காலத்து அம்மி மாதிரி. அதிக நுணுக்கம் கிடையாது. ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனி 1950-ல் கொண்டுவந்த ஐந்து தோட்டா ரிவால்வரின் வாரிசுகள் இன்றைக்கும் விற்பனையாகின்றன. ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தால் போதும், அடுத்தது வந்து நிற்கும். விசை நீளமாகவும் கடினமாகவும் இருக்கும். சுமார் ஐந்து கிலோ பலம் கேட்கும். தவறி இழுபடுவது அபூர்வம் என்பது இதில் லாபம். பழக்கமில்லாத கைக்குக் குறி தவறும் என்பது நஷ்டம்.

பிஸ்டலில் ஆஸ்திரியாவின் கிளாக் கம்பெனி பெயர் பெற்றது. 1982-ல் அந்நாட்டு ராணுவம் ஏற்றுக்கொண்ட துப்பாக்கியைச் சற்றுக் குறுக்கி, 1988-ல் 'கிளாக் 19' வந்தது. இன்னும் ஒல்லியாக வேண்டுமென்றவர்களுக்கு 2012-ல் ஸ்மித் அண்டு வெஸ்ஸனின் 'ஷீல்ட்', 2015-ல் 'கிளாக் 43', 2018-ல் சிக் சாவர் கம்பெனியின் 'பி 365' எல்லாம் வந்தன. இந்த ரகங்கள் சுமார் 300 டாலரிலிருந்து 600 டாலர் வரை விலை பெறும். பிஸ்டலின் மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்து விட்டால்தான் முதல் தோட்டா ஏறும். மணிக்கட்டில் பலம் குறைந்தவர்களுக்கு இது கஷ்டம். அவர்களை உத்தேசித்தே 2018-ல் 'ஷீல்ட் ஈஸி' என்று, சுலபமாக இழுபடும்படி ஒன்று செய்தார்கள்.

கடைக்காரர் பெண்களைப் பார்த்ததும் இருப்பதிலேயே சிறியதாக, ரோஜா வர்ணத்தில் ஒன்றை எடுத்து நீட்டுவார். ஏமாந்துவிடக் கூடாது! துப்பாக்கி எவ்வளவு லேசோ அவ்வளவு கடுமையாக உதைக்கும். உதைத்தால் கை வலிக்கும். வலித்தால் பழகப் போகமாட்டோம். பழகாத கையில் உள்ள துப்பாக்கி யாருக்கு நம்பகம்? அந்த ஊரில் பழகும் கூடங்களில் துப்பாக்கிகளை வாடகைக்கே கொடுக்கிறார்கள். மூன்று நான்கு ரகங்களைச் சுட்டுப் பார்த்து, கைக்கு ஒத்ததைத்தான் வாங்க வேண்டும்.

செலவுக் கணக்கையும் போட்டுவிடுவோம். துப்பாக்கி ஒரு பங்குதான். விசையை முழுதும் மூடும் கெட்டியான உறை, பயிற்சிக் கட்டணம், மாதா மாதம் பழகத் தோட்டா, வீட்டில் வைக்கப் பூட்டுப் பெட்டி எல்லாம் சேரும். கையில் 500 டாலர் இருந்தால் 500 டாலர் துப்பாக்கி வாங்கக் கூடாது. 300 டாலருக்கு வாங்கி, மிச்சத்தை இவற்றுக்கு வைக்க வேண்டும். பூட்டுப் பெட்டிக்குக் காசில்லை என்றால் துப்பாக்கிக்கும் காசில்லை என்று அர்த்தம்!

கைப்பையில் வைக்கலாமா?

கூடாது. கைப்பை என்பது நாம் கழற்றி வைக்கும் சாமான். கடையில் தள்ளுவண்டியில் வைப்போம், ஹோட்டலில் நாற்காலியில் மாட்டுவோம், வீட்டுக்கு வந்ததும் சோபாவில் போடுவோம். அம்மாவின் பைக்குள் கைவிடாத குழந்தை உலகத்தில் உண்டா?

2014 டிசம்பர் 30-ந் தேதி ஐடஹோ மாநிலத்தில் ஒரு தாய் குழந்தைகளுடன் கடைக்குப் போயிருந்தாள். துப்பாக்கிக்கென்றே தனி அறை வைத்துத் தைத்த கைப்பை. முறைப்படி லைசென்ஸும் இருந்தது. தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுப் பிள்ளை பைக்குள் கையை விட்டான். ஒரே வெடி. தாய் அங்கேயே மாண்டுபோனாள். துப்பாக்கி பழுதில்லை, விசை இழுபட்டதும் வெடித்தது. கடைக்காரர் சொன்ன இலக்கணப்படி அது நம்பகமான துப்பாக்கிதான்!

மறதி வேறு இருக்கிறது. 2023-ல் அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் பிரயாணிகள் கையோடு கொண்டுவந்த பைகளில் அகப்பட்ட துப்பாக்கிகள் 6,737. நூற்றுக்கு 93-ல் தோட்டா நிரம்பியிருந்தது. அதிலும் நம்மவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பழகும் கூடத்துக்கு எடுத்துச் சென்ற பையை இந்தியாவுக்குக் கொண்டுவரவே கூடாது. மடிப்பில் ஒரே ஒரு தோட்டா ஒளிந்திருந்தாலும், 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி விமான நிலையத்திலேயே பதில் சொல்ல வேண்டிவரும்.

எடுத்துச் செல்வதென்றால் உடம்போடு, இடுப்பில், உறைக்குள் இருக்க வேண்டும். உடம்பை விட்டு இறங்கிய நிமிஷம் பூட்டுப் பெட்டிக்குள் போக வேண்டும். மூன்றாவது இடமே கிடையாது.

யாரிடமிருந்து பாதுகாப்பு?

ஆபத்து வெளியிலிருந்து வரும் என்று எண்ணித்தான் துப்பாக்கி வாங்குகிறோம். கணக்கு வேறு சொல்லுகிறது. அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தற்கொலை செய்துகொள்கிறவர்கள். கலிபோர்னியாவில் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட ஜனங்களைப் பற்றி நடத்திய ஆராய்ச்சி ஒன்று 2020-ல் வெளியாயிற்று. கைத்துப்பாக்கி வைத்திருக்கும் பெண்கள் அதனால் தற்கொலை செய்துகொள்வது, வைத்திராத பெண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்வதைப் போல 35 மடங்கு என்று அது சொல்லிற்று. மனச்சோர்வு எந்த வீட்டுக்கும் வரும். பிரசவத்துக்குப் பின் வரும். தாய்நாட்டை விட்டுத் தனியே கிடக்கும்போது வரும். வந்த வேகத்திலே போய்விடுவதும் உண்டு. துப்பாக்கி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், அது போகும்வரை காத்திருக்க நேரம் கிடைப்பதில்லை. கணவன் மனைவிக்குள் கைகலப்பு உள்ள வீட்டுக்கும் இதே கதிதான். அப்படிப்பட்ட வீட்டுக்கு எந்தக் கம்பெனியின் துப்பாக்கியும் நல்ல துப்பாக்கி அல்ல.

ஆகவே அம்மா, மகளை நீங்கள் திட்டவும் வேண்டாம், தடுக்கவும் வேண்டாம். வரிசையை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். கதவுக்குக் கெட்டியான தாழ்ப்பாளும் வாசலுக்கு நல்ல விளக்கும் முதலில். பயிற்சி வகுப்பு இரண்டாவது. பூட்டுப் பெட்டி மூன்றாவது. அந்தப் பெட்டியை வாங்கி வைத்து, ஒரு மாத காலம் பர்ஸை மட்டும் வெளியே போகும்போது எடுத்துக்கொண்டு, திரும்பியதும் மறக்காமல் அதற்குள் வைத்துப் பூட்டிப் பார்க்கட்டும். குழந்தை அழுதுகொண்டிருந்தாலும், அடுப்பில் பால் பொங்கினாலும், டெலிபோன் அலறினாலும் ஒரு நாள்கூடத் தவறாமல் முடிகிறதா? முடிந்தால் துப்பாக்கிக் கடைக்குப் போவதைப் பற்றி யோசிக்கலாம். இரண்டு நாள் மறந்துபோய்ப் பர்ஸ் சோபாவிலேயே கிடந்ததென்றால், பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. அது பர்ஸ்தானே!