குரங்கின் தீர்மானம்

சென்ற ஞாயிறன்று கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைப் பிள்ளைகள் சிலருடன் திருத்தணி மலைக்குச் சென்றிருந்தோம். படிக்கட்டில் ஒரு பெண் குரங்கு மற்றொன்றுக்குப் பேன் பார்த்துக் கொண்டிருந்தது. பெருமிதத்துடன் மூன்றாவது ஒன்று நெருங்கிற்று. எது விலகும் என்று பிள்ளைகள் பந்தயம் கட்டுமுன்பே, இரண்டில் ஒன்று எழுந்து போய்விட்டது.

இந்த விஷயத்தைக் காட்டுக் குரங்குகளிடையே ஆராய்ந்தவர் பெங்களூர் அறிஞர் அனிந்திய சின்ஹா. 1998-இல் வெளியான அவரது கட்டுரையின்படி, இரண்டில் அந்தஸ்து குறைந்ததே பெரும்பாலும் விலகுகிறது. அதாவது, தன் ஸ்தானத்தை மட்டுமன்றித் தோழியின் ஸ்தானத்தையும் அறிந்தே அது தீர்மானம் செய்கிறது!

இவ்வறிவு மூளையில் எங்கே குடியிருக்கிறது? 2011-இல் ஆக்ஸ்போர்டு விஞ்ஞானிகள், தனியாகவும் 7 வரையுள்ள கூட்டங்களிலும் வைக்கப்பட்டிருந்த 23 குரங்குகளின் மூளையைப் படம் பிடித்தார்கள். பெரிய கூட்டத்தில் வாழ்ந்தவற்றுக்கு, நெற்றிப்புறத்திலும் செவிப்புறத்திலும் உள்ள சில பகுதிகளில் சாம்பல் நிறத் திசு அதிகமாயிருந்தது. கூடி வாழ்வதே அப்பகுதிகளை வளர்க்கிறது என்பது அவர்கள் கொள்கை.

நிற்க. பரீட்சை நெருங்கினால் விளையாட்டுப் பீரியடைக் கணக்குக்குப் பறித்துக் கொள்ளும் உபாத்தியாயர்களில் நாமும் ஒருவர். விட்டுக் கொடுப்பது, சண்டையிட்டுச் சமாதானமாவது, பிறர் மனமறிந்து நடப்பது ஆகிய இவையும் பாடங்களல்லவா? மைதானத்திலன்றி இவற்றை எங்கே கற்பது? குரங்கின் மூளையிலிருந்து குழந்தையின் மூளைக்கு ஒரே தாவாகத் தாவுவது சாஸ்திரமாகாது. ஆயினும், திங்கட்கிழமையன்று அந்தப் பீரியடைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.