நட்ட காடும் காத்த மொழியும்

சென்ற ஓகஸ்ற் விடுமுறையில், லிவர்பூல் நகரில் வாழும் என் தங்கையின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். கப்பற்றுறைகளையும் அரும்பொருட் காட்சிச்சாலைகளையும் கண்டு முடிந்த பின், ஒருநாள் மாலை அவள், "அண்ணா, இரண்டு நாள் வேல்ஸ் நாட்டுக் காட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள். இவனையும் கூட்டிக்கொண்டு போங்கள், கைத்தொலைபேசியை விட்டுச் சற்றுத் தலைநிமிரட்டும்" என்றாள். 'இவன்' என்றது அவளுடைய மகனை. அவனுக்கு வயது 12. தமிழில் நாம் சொல்வதெல்லாம் அவனுக்கு விளங்கும். ஆனால் விடை மட்டும் ஆங்கிலத்திலேயே வரும். அந்தக் குறை தங்கையின் மனத்தில் ஒரு முள்ளாகவே தைத்திருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாட் காலை மாமனும் மருமகனும் புறப்பட்டோம். செஸ்டர் நகரைத் தாண்டியதும் புகையிரதம் கடற்கரையோரமாக மேற்கு நோக்கி ஓடுகிறது. வலப்புறம் கடல், இடப்புறம் பச்சைக் குன்றுகள். லான்டிட்னோ சந்தியில் இறங்கி, கொன்வி ஆற்றுப் பள்ளத்தாக்கினூடே தெற்கே செல்லும் சிறிய வண்டியில் ஏறினோம். அந்த வண்டியில் ஓர் அறிவிப்பு ஒலித்தது. முதலில் வந்த மொழி எனக்குப் புரியவில்லை. அதன் பின்னரே ஆங்கிலம் வந்தது. நிலையப் பலகைகளிலும் அவ்வாறே இரு மொழிகள். தெருவிலே வண்டிகளை மெதுவாகச் செலுத்துமாறு எழுதியிருந்த இடத்திலும், 'அராவ்' என்னும் வேல்ஸ் சொல்லும் அதற்கு நேரான ஆங்கிலச் சொல்லும் அருகருகே இருந்தன.

"அம்மான், எல்லாருக்கும் ஆங்கிலம் தெரியுந்தானே? பிறகு ஏன் இரண்டு முறை எழுதுகிறார்கள்?" என்று பையன் ஆங்கிலத்தில் கேட்டான். நல்ல கேள்வி. அதற்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. "பார்ப்போம்" என்று மட்டும் சொன்னேன்.

நாங்கள் இறங்கிய ஊரின் பெயர் பெற்றுஸ்-அ-கோய்ட். 'காட்டிலுள்ள வேண்டுதல் வீடு' என்பது அதன் பொருள். 'கோய்ட்' என்றால் மரங்கள். பெயருக்கேற்ப அங்கே பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த பழைய தேவாலயம் ஒன்று ஆற்றங்கரையிலே முதிர்ந்த மரங்களின் நிழலில் நிற்கிறது. லிகுவி என்னும் சிற்றாறு கொன்வி ஆற்றுடன் கலப்பது இவ்வூரிலேதான். 1868ஆம் ஆண்டில் இருப்புப்பாதை வந்த பின்னர் ஓவியர்களும் உல்லாசப் பயணிகளும் திரண்டு வரலாயினர். சாம்பல் நிறக் கல்வீடுகள், அவற்றின்மீது கருநீலக் கற்பலகைக் கூரைகள், எங்கும் நீரோசை.

ஊரின் நடுவே லிகுவி ஆற்றைக் கடக்கும் பழைய கற்பாலத்தைக் 'கொப்பரைப் பாலம்' என்கிறார்கள். பாறைகளுக்கிடையே நீர் சுழன்று நுரைப்பதைக் கண்டால், பெரிய அண்டாவிலே பால் பொங்குவதுபோலவே தோன்றும். ஊருக்குச் சற்று அப்பால், தோமஸ் டெல்போர்ட் என்ற பொறியியலறிஞர் வார்ப்பிரும்பினால் அமைத்த வோட்டர்லூப் பாலம் உள்ளது. வோட்டர்லூப் போர் நடந்த 1815ஆம் ஆண்டையே அது தாங்கி நிற்கிறது. இங்கிலாந்தின் ரோசாப்பூ, ஸ்கொட்லாந்தின் முட்செடிப்பூ, அயர்லாந்தின் மூவிலைச் செடி, வேல்ஸின் லீக்ஸ் ஆகிய நான்கையும் அதன் வளைவுகளில் இரும்பிலே பூக்கவைத்திருக்கிறார்கள். லீக்ஸ் நாம் கறி சமைக்கும் அதே லீக்ஸ்தான். ஒரு நாடு கறித்தோட்டத்திலிருந்து தன் சின்னத்தை எடுத்துக்கொண்டது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

கொப்பரைப் பாலத்திலிருந்து ஆற்றங்கரை வழியே மேற்கு நோக்கி நடந்தோம். இருபுறமும் குவிடிர் காடு. ஏறத்தாழ 28 சதுர மைல் பரப்பில் மலையும் மடுவும் ஏரியுமாகப் பரந்து கிடக்கும் பெருங்காடு அது. டக்ளஸ் என்னும் ஊசியிலை மரங்கள் நம் கோயிற் கோபுரங்கள்போல நிமிர்ந்து நின்றன. "இது ஆதிகாலத்துக் காடு" என்று பையனிடம் பெருமையாகச் சொன்னேன். நான் சொன்னது தவறு என்பதைச் சிறிது தூரத்திலிருந்த அறிவிப்புப் பலகை உணர்த்தியது. ஆசிரியர்க்கும் அடி சறுக்கும்!

உண்மை இதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இக்குன்றுகளில் ஈயமும் நாகமும் தோண்டினார்கள். இன்று காட்டினுள்ளே அழகாகத் தோன்றும் ஏரிகள் பல, அச்சுரங்க இயந்திரங்களுக்கு நீர் தருவதற்காக அணைகட்டித் தேக்கப்பட்டவையே. முதலாம் உலகப் போரில் பிரித்தானியாவுக்கு மரம் பெருந்தட்டுப்பாடாயிற்று. நிலக்கரிச் சுரங்கங்களைத் தாங்க முட்டுக்கட்டை வேண்டும். போர்முனைப் பதுங்குகுழிகளுக்குப் பலகை வேண்டும். அந்த அனுபவத்தின் விளைவாக 1919ஆம் ஆண்டில் அரசாங்கம் வன ஆணைக்குழுவை நிறுவியது. இரண்டாண்டுகளில் குவிடிரில் மரம் நடத் தொடங்கினார்கள். நான் ஆதிகாலத்தது என்று எண்ணிய காட்டிற்கு வயது சற்றேறக்குறைய நூறு! அதனை மனிதர் கைகள் நட்டன.

நட்டவை பெரும்பாலும் அந்நிய மரங்கள். டக்ளஸ் மரத்தின் விதை 1827ஆம் ஆண்டிலே வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து வந்தது. இவை விரைந்து வளரும். நல்ல பலகை தரும். ஆயினும் வேல்ஸ் மக்கள் எல்லாரும் இவற்றை மகிழ்ந்து வரவேற்றனர் என்று சொல்ல முடியாது. நாட்டின் பல பகுதிகளில் ஆடு மேய்த்த நிலங்களும் குடியானவர் வீடுகளும் இக்காடுகளுக்குள் மறைந்தன என்ற மனக்குறை நெடுங்காலம் நிலவியது.

நடந்து செல்கையில் ஒரு வேற்றுமையைக் கண்டோம். நெருக்கமாக நட்ட ஊசியிலை மரங்களின் கீழே இருள்; தரையில் பழுப்பு ஊசிகளைத் தவிர எதுவுமில்லை. ஆற்றோரமாக எஞ்சியிருந்த பழைய ஓக் மரங்களின் கீழேயோ பாசியும் பன்னமும் காட்டுப்பூவும் நிறைந்திருந்தன. மழை மிகுந்த அந்நிலத்தில் ஓக் மரத்தின் ஒவ்வொரு கிளையும் பச்சைக் கம்பளம் போர்த்தியிருந்தது. பாறைக்கும் பாசிச் சட்டை. வேலிக் கல்லுக்கும் பாசிச் சட்டை. பையன் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். கைத்தொலைபேசி அவன் பையினுள்ளே கிடந்தது.

இப்பொழுது காட்டதிகாரிகள் அந்நிய மரங்களை முற்றாக அழிக்கவில்லை. வெட்டும் இடங்களில் சிலவற்றைச் சுதேச மரங்களாகிய ஓக், பேர்ச் முதலியவற்றுக்கு விட்டுக்கொடுத்து, அவை மீண்டும் தழைக்க வழி செய்கிறார்கள்.

ஊருக்கு மேற்கே சுமார் இரண்டு மைல் தூரத்தில் அருவியின் முழக்கம் கேட்டது. ஆங்கிலத்தில் அதன் பெயர் 'தகைவிலான் குருவி அருவி'. குருவிக்கும் அருவிக்கும் என்ன உறவு? வேல்ஸ் மொழியில் அதன் பெயர் 'எவன்னொல்'. அதாவது நுரைக்கும் அருவி. தகைவிலானுக்கு அம்மொழியில் 'வென்னொல்' என்று பெயர். யாரோ ஓர் அந்நியர் செவியில் ஒன்று மற்றொன்றாக விழ, நுரை குருவியாயிற்று என்று கூறுகிறார்கள். மொழியறியாதவர் ஊர்ப்பெயரை எழுதினால் என்ன நேரும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? படிப்படியாகப் பாறைகளில் மோதி வெண்பஞ்சாய்ச் சிதறி விழும் அந்நீரைப் பார்த்தவர்கள் அதனைக் குருவியென்று சொல்லமாட்டார்கள்.

மறுநாள் காட்டு வழிகளினூடே தென்மேற்கே நடந்து, விபர்நாண்ட் என்னும் ஒடுங்கிய பள்ளத்தாக்கை அடைந்தோம். சிறிய கல்வீடு ஒன்று அங்கே தனித்திருந்தது. மூர்த்தி சிறிதாயினும் கீர்த்தி பெரிது. வேதாகமத்தை முழுமையாக வேல்ஸ் மொழியில் பெயர்த்து 1588ஆம் ஆண்டில் வெளியிட்ட வில்லியம் மோர்கன் பிறந்த இடம் அது. 1536ஆம் ஆண்டின் சட்டம் வேல்ஸ் மொழியை நீதிமன்றங்களிலிருந்து வெளியேற்றியிருந்தது. அரசும் செல்வரும் கைவிட்ட மொழி நாளடைவில் சிதைந்து போயிருக்கலாம். மோர்கனின் நூலோ, ஞாயிறுதோறும் குடியானவர் காதுகளில் செம்மையான உரைநடையை ஒலிக்கச் செய்தது. அம்மொழி பிழைத்தமைக்கு அந்நூலே பெருங்காரணம் என்று அறிஞர் கூறுவர். அதன் முதற்பதிப்புப் பிரதியொன்றும், உலகின் பல மொழிகளில் அமைந்த வேதாகமங்களும் அவ்வீட்டில் பேணப்படுகின்றன.

நான் இந்துவாயினும் அந்நூலின் முன் சிறிது நேரம் நின்றேன். பேர்சிவல் பாதிரியாரின் தமிழ் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற நம் நல்லூர் ஆறுமுக நாவலர் நினைவுக்கு வந்தார். சமயம் வேறாயினும், மொழியின் மேல் வைத்த அக்கறை ஒன்றே.

திரும்பும் வழியில், பெற்றுஸ்-அ-கோய்டில் ஒரு தேநீர்ச்சாலைக்குள் மழைக்கு ஒதுங்கினோம். அதனை நடத்திய மூதாட்டி தம் பேர்த்தியுடன் வேல்ஸ் மொழியில் பேசிக்கொண்டிருந்தார். மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். "என் பாட்டியின் தாயார் பள்ளிக்கூடத்தில் இம்மொழி பேசியதற்காகக் கழுத்தில் மரத்துண்டு அணிந்தவர்" என்றார் அவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேல்ஸ் பாடசாலைகள் சிலவற்றில் நிலவிய வழக்கம் அது. தாய்மொழியில் பேசும் பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிடுவார்கள். அடுத்துப் பேசும் பிள்ளைக்கு அது கைமாறும். மாலையில் அதை அணிந்திருக்கும் பிள்ளைக்கு அடி.

கேட்டதும் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. நம்மூரில் என் பாட்டனார் படித்த ஆங்கிலப் பாடசாலையில், வகுப்பில் தமிழ் பேசினால் சில சதம் தண்டம். அவர் அதனைச் சிரித்துக்கொண்டே சொல்வார். சொல்லி முடித்தபின் சற்று நேரம் பேசமாட்டார்.

"பின் எப்படி மீண்டீர்கள்?" என்று கேட்டேன். "யாரும் தரவில்லை. நாங்கள்தான் கேட்டுக் கேட்டுப் பெற்றோம்" என்றார் மூதாட்டி. அவர் சொன்னது உண்மை. 1939ஆம் ஆண்டில் அபரிஸ்ட்வித் நகரில் சில பெற்றோர் முதலாவது வேல்ஸ் மொழிப் பாடசாலையைத் தொடங்கினார்கள். 1967, 1993ஆம் ஆண்டுகளில் மொழிச் சட்டங்கள் வந்தன. 2011இல் அது அரசகரும மொழியாயிற்று. எனினும் போராட்டம் முடிந்துவிடவில்லை. 1901ஆம் ஆண்டில் நாட்டு மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பேசிய மொழியை, 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நூற்றுக்கு 17.8 பேரே, அதாவது 538,000 பேரே பேசுகின்றனர். 2050ஆம் ஆண்டிற்குள் அத்தொகையைப் பத்து இலட்சமாக்குவது வேல்ஸ் அரசின் இலக்கு.

பேர்த்தி எங்கள் மேசைக்குத் தேநீர் கொண்டுவந்தாள். பையனின் வயதுதான் இருக்கும். "உன் மொழி என்ன?" என்று அவனை ஆங்கிலத்தில் கேட்டாள். அவன் என்னைப் பார்த்தான். நான் பேசவில்லை. "தமிழ்" என்றான். "எங்கள் மொழியில் நன்றிக்குத் 'தியோல்ஹ்' என்போம். உங்கள் மொழியில்?" என்றாள். சிறிது தயங்கி, "நன்றி" என்றான். அவள் அதைத் திருப்பிச் சொல்ல முயன்றாள், வரவில்லை. அவன் மூன்று முறை சொல்லிக் கொடுத்தான். பிறந்த நாள் தொட்டு அவனிடம் எவரும் தமிழ் கற்றதில்லை. அன்று அவன் ஆசிரியனானான்.

புகையிரதத்தில், "அம்மான், உங்கள் 'பார்ப்போம்' என்ன ஆயிற்று?" என்று அவன் நினைவூட்டினான். அப்போது என்னிடம் விடை இருந்தது. "ஆங்கிலம் டக்ளஸ் மரம்போல. விரைந்து வளரும், பயன் தரும், அதனை வெட்டவேண்டியதில்லை. ஆனால் ஓக் மரத்துக்கும் இடம் விடவேண்டும். அதன் அடியில்தான் பாசியும் பூவும் வளர்கின்றன. தெருவிலே இரண்டு முறை எழுதுவது அந்த இடத்தை விடுவதற்குத்தான்" என்றேன். அவன் ஏற்றுக்கொண்டானோ என்னவோ, சன்னல் வழியே காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெற்றோரே, மாணவச் செல்வங்களே! காடு தானே வளர்வது, மொழி தானே வாழ்வது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். நட்டவரும் காத்தவரும் இல்லையாயின் குவிடிர் இன்றும் சுரங்கம் தோண்டிய பாழ்மலையாகவே கிடக்கும். மொழியின் நிலையும் அதுவே. வீட்டிலே சோறு பரிமாறும்போதும், உறங்கப் போகும் பிள்ளைக்குக் கதை சொல்லும்போதும் நாம் நடுகின்ற கன்றுதான் பின்னர் மரமாகிறது.

சென்ற மாதம் லிவர்பூலிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. நான்கே வரிகள், எல்லாம் தமிழ். ழகரம் இரண்டிடத்தில் பிழை. சிவப்பு மையைத் தொடாமல், அன்றே பதில் எழுதினேன்.