எண்ணிக்கைக்கும் சான்று வேண்டும்

முதுகலை ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கேட்ட கேள்வி இன்றும் என் நினைவில் நிற்கிறது. "இந்த ஒட்டு இத்தனை முறை வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மீண்டும் எண்ணினால் இதே எண் வருமா?" என்னால் உறுதி கூற இயலவில்லை. விரிதாளில் எதை முதலில் வடிகட்டினேன், எவற்றை நீக்கினேன் என்பதற்கு என்னிடம் பதிவு ஏதுமில்லை.

பக்க எண் இல்லாத மேற்கோளை நம் துறையில் யாரும் ஏற்பதில்லை. எண்ணிக்கைக்கு மட்டும் அத்தகைய சான்றை நாம் கேட்பதில்லை. இக்குறையைப் போக்கும் கருவி லினக்ஸ், மேக் கணினிகளில் ஏற்கெனவே இருக்கிறது: முனையம். மொழியியல் துறைகள் அதனை முதற்பருவத்திலேயே கற்பிக்க வேண்டும் என்பது என் கருத்து.

முனையம் கணினித் துறையினருக்கே உரியது என்ற தயக்கத்திற்கு வரலாற்றில் ஆதாரமில்லை. பெல் ஆய்வகத்தில் 1971 அளவில் யூனிக்ஸைப் பயன்படுத்தத் தொடங்கியோருள் காப்புரிமைப் பிரிவின் தட்டச்சாளர்களும் இருந்தனர். பனுவலைக் கையாளுவதே அவர்கள் பணி. டக் மெக்கில்ராயின் வற்புறுத்தலால் கென் தாம்சன் 1973இல் சேர்த்த 'பைப்', ஒரு கட்டளையின் விளைவை அடுத்த கட்டளைக்கு உள்ளீடாக அனுப்புகிறது. 'டிஆர்' இடைவெளிதோறும் முறித்து வரிக்கு ஒரு சொல்லாக்கும், 'சார்ட்' வரிசைப்படுத்தும், 'யூனிக்' ஒத்தவற்றைச் சேர்த்து எண்ணும், மீண்டும் 'சார்ட்' மிகுதியாக வருவதை மேலே வைக்கும். ஒரே வரியில் சொற்பட்டியல் கிடைத்துவிடுகிறது. அந்த வரியே ஆய்வுமுறையின் பதிவாகவும் அமைகிறது.

இப்பதிவின் பயனை என் பிழை ஒன்றே எனக்கு உணர்த்தியது. கடந்த ஆண்டு என் தரவகத்தில் வேறுபட்ட சொற்கள் எத்தனை எனக் கணக்கிட்டபோது முதல் 'சார்ட்' கட்டளையை விட்டுவிட்டேன். 'யூனிக்' அடுத்தடுத்துள்ள ஒத்த வரிகளை மட்டுமே இணைக்கும். ஆகவே தொகை பெருகிவிட்டது. என் கட்டளைக் கோப்பைப் படித்த முதலாமாண்டு மாணவி ஒருவர் சில நிமிடங்களில் அதைச் சுட்டிக்காட்டினார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால், சொடுக்கிச் சொடுக்கிச் செய்திருந்தால் அப்பிழை யார் கண்ணிலும் படாமல் ஆய்வேட்டில் ஏறியிருக்கும்.

கணினி சொல்லும் எண்ணை அப்படியே நம்பிவிடவும் கூடாது. 'தமிழ்' நமக்கு மூன்றெழுத்து. 'டபிள்யூசி' கட்டளையிடம் பைட்டுகளைக் கேட்டால் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் 15 என்னும். குறியீடுகளைக் கேட்டால் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 என்னும். யுனிகோடு வரிசையில் னகரம் நகரத்திற்கும் பகரத்திற்கும் இடையே நிற்கிறது. நம் நெடுங்கணக்கிலோ அது இறுதி மெய். ஆகவே பைட் வரிசையில் அடுக்கிய பட்டியல் அகராதி வரிசையாகாது. எழுத்து என்பது யாது, அதன் வரிசை யாது என்பவை மொழியியலின் கேள்விகள். அவற்றைக் கேட்கப் பயிற்சி பெற்ற நாமே இக்கருவியிடமிருந்து விலகி நிற்பது முரண்.

சொல்லடைவு மென்பொருள்கள் போதுமே என்று நண்பர்கள் சிலர் கூறுவர். அவை பயனுள்ளவை, நானும் பயன்படுத்துகிறேன். ஆயினும் எந்தத் தெரிவுகளைச் சொடுக்கினோம் என்பதை நாமே குறித்து வைத்தாலன்றி அங்கும் சான்று எஞ்சுவதில்லை. முனையத்திலும் இடர் உண்டு. 'ஆர்எம்' நீக்கிய கோப்பு குப்பைத்தொட்டிக்குச் செல்லாது. ஆதலால் மூலத் தரவின் படியொன்றைத் தனியே வைத்த பிறகே பழகத் தொடங்க வேண்டும்.

துறைத் தலைவர்களிடம் நான் வேண்டுவது இரண்டு வார வகுப்பு. ஆய்வு மாணவர்களிடம் வேண்டுவது இதனினும் சிறிது: இட்ட கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி வையுங்கள், ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அவற்றுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். எப்படி எண்ணினீர்கள் என்று தேர்வாளர் கேட்கும்போது, நான் நின்றதுபோல் நிற்காமல், அப்பக்கத்தைத் திறந்து காட்டலாம்.